சான்று எண்: பரிசீலனையில்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
லாவிகன், போஹோல் தீவு
2012 ஜூன் 4

மாண்புமிகு அட்டர்னி ரொவெனா துமலாக் அவர்களின் சமூகத்திற்கு,

கீழே கையெழுத்திட்டிருக்கும் தாய்மாமன், இரண்டு வருஷம் இரண்டு மாதமாக மருமகளின் முகமோ எழுத்தோ காணாத பாவி, மிகுந்த பணிவுடன் சமர்ப்பிப்பதாவது:

நான் இன்னும் சாகவில்லை. ஊரில் அப்படியொரு வதந்தி மூன்று முறை கிளம்பியது. மூன்று முறையும் நானே நேரில் போய் மறுத்துவிட்டு வந்தேன். என் கைபேசி போன வருஷம் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டது; இப்போது நண்டுகள்தான் எடுத்துப் பேசுகின்றன. ஆகவே கடிதம். பதிவுத் தபால் எதற்கென்றால், வரவே இல்லை என்று நீ சொல்ல முடியாது. நீயும் வக்கீல், நானும் வக்கீல்.

விஷயத்துக்கு வருகிறேன், இந்தாய் வெனா, என் செல்லமே. என் சேவல் சண்டைக் கூட்டாளியான பழைய நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருக்கும் அம்மாளுக்கு உன் வயதுதான் இருக்கும். உலகம் பக்கத்தை மேலிருந்து படிக்கும், இவள் அடியிலிருந்து படிக்கிறாள். கருவாடு காயவைக்கும், ஊருக்கே அக்காவான மனாங் கொலும்பாவை உனக்கு நினைவிருக்கும். அவள் வீட்டு மனையைக் காலி செய்யச் சொல்லி, பழைய நிலக்கிழார் தோன் ஹிலாரியோனின் பேரப்பிள்ளைகள் கலிபோர்னியாவிலிருந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள், விடுதி கட்டப் போகிறார்களாம். ஆனால் கொலும்பாவிடம் ஒரு காகிதம் இருக்கிறது. 1979-இல் தோன் ஹிலாரியோனே தன் கையால் எழுதியது: 'தென்னை மரத்திலிருந்து அலை தொடும் இடம் வரை தெயோதுலோவுக்குக் கொடுத்துவிட்டேன், பதிலுக்கு ஒரு படகு பெற்றுக்கொண்டேன்.' பாதிரியார் சாட்சிக் கையெழுத்து. அவள் புருஷன் தெயோதுலோ கடலில் போய்விட்டான். காகிதம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு தோற்க வேண்டுமென்றால் வக்கீல் செத்துப்போயிருக்க வேண்டும். நான்தான் சாகவில்லையே! பதினெட்டுப் பக்கம் பதில் மனு எழுதினேன். கல்லறையில் கிடப்பவர்கள் படித்தால் எழுந்து உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

அந்த அம்மாள் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்தாள்.

"அட்டர்னி, இது என்ன?"

"என் கையெழுத்து, யுவர் ஆனர்."

"அதுக்குக் கீழ."

"சான்று எண், யுவர் ஆனர்."

"எண் எங்க? 'பரிசீலனையில்'னு போட்டிருக்கு."

"பரிசீலனையிலதான் இருக்கு, யுவர் ஆனர்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"யாரு பரிசீலிக்கிறது? கர்த்தரா?"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. குமாஸ்தா சிரித்தான். கூண்டில் நின்ற கோழித் திருடன் சிரித்தான். ஜூன் 11-க்குள் எண்ணைத் தராவிட்டால் என் பதில் மனுவை வழக்குக் கட்டிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அதாவது கொலும்பா வாயே திறக்கவில்லை என்று ஆகிவிடும்.

நாற்பத்து நாலு வருஷம் வாதாடிய கிழவனை, மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்டு, நேற்று மீசை முளைத்தவனை விட்டுச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் இந்தக் கட்டாயப் படிப்பை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ! அதை முடித்தால்தான் அந்த எண் கிடைக்கும். சரி, போனேன். நீ மேற்பார்வை பார்த்த அதே வகுப்புக்குத்தான் போனேன். பெங்குவினுக்கே ஜலதோஷம் பிடிக்கும் குளிரில் உட்கார்ந்தேன். முப்பத்து நாலு மணி நேரம்! குறைவது கடைசிச் சனிக்கிழமை பிற்பகல், வக்கீல் ஒழுக்கம் பற்றிய இரண்டு மணி நேரம் மட்டும். அன்று நான் மின்தூக்கியில் ஒரு பேராயரோடு மாட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். நீ நம்பவில்லை. பேராயருக்கு அன்று நான்தான் பாவமன்னிப்பே கொடுத்தேன்.

ஆகவே, அந்த இரண்டு மணி நேரமும் நான் இருந்தேன் என்று வருகைத் தாளில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு. எனக்காக இல்லை, கொலும்பாவுக்காக.

இப்படிக்கு,
பொலிகார்போ அங்காஹாஸ்
வழக்கறிஞர், லாவிகன் கடற்கரையின் சிங்கம்
தொடர் சட்டக் கல்விச் சான்று எண்: பரிசீலனையில்


செபு
2012 ஜூன் 7

தியோ கார்போ,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நலம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி.

கையெழுத்துப் போட மாட்டேன்.

2010 ஏப்ரல் 10, பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை உங்கள் நாற்காலி காலி. நாலே காலுக்கு வந்து சான்றிதழ் கேட்டீர்கள். தர முடியாது என்றேன். நீங்கள் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்து, முந்நூறு வக்கீல்கள் முன்னால் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. "பாருங்கய்யா, நான் தூக்கி வளர்த்த நாய்க்குட்டி, மொதல் கடிய எனக்கே குடுக்குது." அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். இன்றும் செபு கோர்ட் படிக்கட்டில் என் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருவர் மெல்லக் குரைப்பார். இரண்டு வருஷமாகிறது, தியோ.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பிறகு வேறு வகுப்பில் உட்கார்ந்து ஈடு செய்திருக்கலாம். அறுபது நாள் அவகாசம் கொடுத்து உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கும். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை.

ஆனால் வழி இருக்கிறது. என் பெயருக்குக் கீழே எண் இருக்கிறது. நீங்கள் விலகிக்கொண்டு, மனாங் கொலும்பாவின் வக்காலத்தை எனக்கு மாற்றித் தாருங்கள். அவர் கைநாட்டும் உங்கள் கையெழுத்தும் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் கொடுத்தனுப்பினால், திங்கள் காலை உங்கள் பதினெட்டுப் பக்கத்தையும் என் பெயரில் போட்டுவிடுகிறேன். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

மின்தூக்கியில் பேராயர் இருந்ததாகப் போன தடவை சொன்னபோது, அது ஆயர்தான்.

ரொவெனா


பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
லாவிகன்
2012 ஜூன் 12, சுதந்திர தினம்

செபு மாநகரின் நீதி தேவதைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்து சேர்ந்தது. படித்தேன். எங்கள் வீட்டுப் பல்லியும் படித்தது. அது அன்றிலிருந்து சுவரை விட்டு இறங்கவில்லை.

விலகிக்கொள்வதா? என் கையிலிருக்கும் வழக்கை என் மருமகள் கையில் கொடுப்பதா? சந்தையில் வெட்டி வைத்திருக்கும் மீன்கூட வாயைத் திறந்து சிரிக்கும். ஏற்கனவே அந்தக் குமாஸ்தா என்னைக் கண்டால், "என்ன அட்டர்னி, கர்த்தர்கிட்டேருந்து பதில் வந்துச்சா?" என்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கோர்ட்டில் பாதிப் பேரோடு பேச்சில்லை. நிம்மதியாக இருக்கிறது.

நீ கவலைப்படாதே. நேற்றே போய் முப்பது நாள் அவகாசம் கேட்டு மனுப் போட்டுவிட்டேன். மனுவைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஐந்து நிமிஷம் பேசவில்லை. என் வாதத்தின் வேகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு மணி நேரம் பற்றி இப்போது உண்மையைச் சொல்கிறேன். எழுபது வயதில் சிறுநீரகம் சம்மன் அனுப்பும், இந்தாய். அந்த சம்மனுக்கு வாய்தா கிடையாது. அன்று எனக்கு வந்தது பிடிவாரண்டு. ஓட்டலின் ஏழு மாடியிலும் இருந்த எல்லாக் கழிப்பறையிலும் ஆஜராகிவிட்டு வந்தேன். முதியவனின் இந்தத் துன்பத்தை ஒழுக்கக் குறைவு என்று எழுதி வைத்திருக்கும் சட்டத்தை என்ன சொல்ல?

நேற்று மாலை கொலும்பா ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

"அட்டர்னி, அந்தம்மா என் காகிதத்தப் படிச்சிட்டாங்களா?"

"படிக்கப் போறாங்க, மனாங். அது அவங்க மேசை மேல சிங்கம் மாதிரி உக்காந்திருக்கு."

"சிங்கமெல்லாம் வேணாம் அட்டர்னி. படிச்சாப் போதும்."

இவளுக்கு இலக்கிய ரசனை குறைவு.

பொலிகார்போ அங்காஹாஸ்
எவருக்கும் வழக்கை விட்டுக்கொடாதவன்
சான்று எண்: பரிசீலனையில்


பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
செபு
2012 ஜூன் 22

தியோ,

கோர்ட் குமாஸ்தாவைத் தொலைபேசியில் பிடித்தேன். எல்லாம் தெரியும்.

இந்த வகை வழக்கில் அவகாச மனுவே கிடையாது. இருந்தாலும், எண் இல்லாத பதில் மனுவைக் காப்பாற்ற எண் இல்லாத இன்னொரு மனுவைப் போட்டிருக்கிறீர்கள். நீதிபதி இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டார். 18-ஆம் தேதி தீர்ப்பு. மனாங் கொலும்பா வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த 1979 காகிதத்தை யாரும் படிக்கவில்லை, ஏனென்றால் அதன் நகல் உங்கள் மனுவோடு சேர்த்துத் தைத்த இணைப்பு. மனுவோடு அதுவும் போயிற்று.

தீர்ப்பு நகலை 20-ஆம் தேதி நீங்கள் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறீர்கள். அப்பீலுக்கு அதிலிருந்து பதினைந்து நாள். ஜூலை 5 கடைசி.

இந்த உறையில் இருப்பவை: அப்பீல் மனு, என் கையெழுத்தும் எண்ணும் போட்டது. வக்காலத்து மாற்றப் பத்திரம். அதில் நீங்கள் கையெழுத்திட வேண்டிய இடத்திலும் மனாங் கைநாட்டு வைக்க வேண்டிய இடத்திலும் பென்சிலால் சிறிய சிலுவை போட்டிருக்கிறேன். லாவிகன் தபால் நிலையத்தில் பதிவு செய்தால் முத்திரைத் தேதியே தாக்கல் தேதி. ஜூலை 5 மாலைக்குள் முத்திரை விழுந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 10 பிற்பகல் வகுப்பில் நான் எடுத்த குறிப்பு. நீங்கள் தவறவிட்ட இரண்டு மணி நேரம். அன்று அந்தப் பேராசிரியர் பேசியது முழுக்க இதைப் பற்றித்தான், தியோ. எண் இல்லாத மனு இனிமேல் தூக்கி எறியப்படும் என்றார். "உங்க சோம்பலுக்கு அடி உங்க முதுகுல விழாது. கட்சிக்காரன் முதுகுல விழும்" என்றார். நான் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நான் நேரில் வரவில்லை. 'வா' என்று ஒரு வரி எழுதுங்கள், முதல் கப்பலில் வருகிறேன். உறையை நீங்கள் வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை திரும்பி வந்தபின்தான் எனக்குத் தூக்கம்.

ரொவெனா


சாதாரணத் தபால்
லாவிகன்
2012 ஜூலை 2

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய பதிவுத் தபாலை நான் வாங்கவில்லை.

ஆம், வாங்கவில்லை! நாற்பத்து நாலு வருஷத்தில் எத்தனை வக்கீல்களின் தபாலை இப்படிக் காயப்போட்டிருக்கிறேன், தெரியுமா? ஒரு காலத்தில் லாவிகன் தபால் நிலையத்தில் நான் வாங்காத உறைகளை அடுக்கினால் தேவாலய மணிக்கூண்டு உயரம் வரும். அந்தப் பழைய ஆயுதத்தை இந்த முறை உன் மேல் எடுத்தேன். தபால்காரன் துர்யோ மூன்று முறை சீட்டு நீட்டினான்.

"அட்டர்னி, செபுவிலேருந்து கனமா ஒண்ணு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

"கனமாவா? அப்ப திட்டு நெறைய இருக்கு. எனக்கு வேணாம்."

"மொதல் சீட்டு குடுத்து அஞ்சு நாள் ஆனா, சட்டப்படி வாங்குனாப்லதான் அட்டர்னி."

"தபால்காரன் எனக்கு சட்டம் சொல்றியா? உனக்கு ஒழுக்க வகுப்பு எத்தனை மணி நேரம் ஆச்சு?"

ஆகவே, உன் பிரசங்கம் சட்டப்படி எனக்குச் சார்வாகிவிட்டது, அதாவது கையில் சேர்ந்ததாகக் கணக்கு. ஆனால் என் காதில் விழவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகில் இல்லை.

தீர்ப்பு வந்தது என்னவோ உண்மை. வரட்டும். நாற்பத்திரண்டு பக்கத்தில் அப்பீல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்தில் கடல் அலை சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. எழுதும்போது நானே இரண்டு முறை எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பதிவு செய்கிறேன். கொலும்பாவிடம் தீர்ப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்துவது?

கோபம் இல்லை, இந்தாய். கொஞ்சம்தான்.

பொலிகார்போ அங்காஹாஸ்
சான்று எண்: பரிசீலனையில்


செபு
2012 ஜூலை 6

நீங்கள் வாங்காத உறையில் திட்டு இல்லை. அப்பீல் இருந்தது. என் கையெழுத்தும் எண்ணும் இருந்தன. நேற்று கடைசி நாள்.

உங்கள் கடிதம் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தது.

ரொ.


லாவிகன்
2012 ஆகஸ்ட் 13

இந்தாய்,

உன் மூன்று வரி வந்த அன்றே தபால் நிலையத்துக்குப் போனேன். உறையைத் திருப்பி அனுப்ப மூட்டையில் கட்டிவிட்டார்கள். துர்யோ மூட்டையை அவிழ்த்துத் தேடிக் கொடுத்தான். அங்கேயே நின்று பிரித்தேன். பென்சில் சிலுவைகளைப் பார்த்தேன்.

என் நாற்பத்திரண்டு பக்கத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். 'சான்று எண் இல்லை.' அலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை அமீனா ஆறு ஆட்களோடு வந்தான். கொலும்பா அப்போது மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் மீன் காயவைக்கும் பந்தல்களைப் பிடுங்கினார்கள். பிறகு கூரைத் தகரம். பாதி காய்ந்த மீனை அள்ளிக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தார்கள். அது இரக்கம்தான். மற்ற ஊரில் அதுவும் கொடுப்பதில்லை. நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பரோங் சட்டையில் இன்னும் அந்த வாடை போகவில்லை.

எல்லாம் முடிந்தபின் அவள் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அட்டர்னி, காகிதத்தப் படிச்சிட்டுத்தானே அந்தம்மா இப்படிச் சொன்னாங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று. அவள் நிம்மதியாக நீதிபதியை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"இல்ல, மனாங்," என்றேன். "யாரும் படிக்கல. வக்கீலு தன் பேருக்குக் கீழ ஒரு எண் போடணும். என்கிட்ட அது இல்ல. அதனால படிக்கல."

"எண்ணா? அத எப்படி வாங்குறது?"

"வகுப்புக்குப் போகணும். நான் போனேன். கடைசில ரெண்டு மணி நேரம் உக்காரல."

"ரெண்டு மணி நேரமா?"

"ஆமா."

அவள் டின் மூடியை அழுத்தி மூடினாள்.

"என்னை உக்காரச் சொல்லியிருந்தா நான் உக்காந்திருப்பேனே, அட்டர்னி," என்றாள். "ரெண்டு நாளுன்னாலும் உக்காந்திருப்பேனே."

இப்போது சந்தைக் கூரைக்குக் கீழே படுக்கிறாள். அங்கே மீன் காயவைக்க இடமில்லை.

இதோடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். மேல் கோர்ட்டுக்கு ஒரு மனு. வக்கீலின் தவறு கட்சிக்காரரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அந்தத் தவறு மன்னிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் தீர்ப்பையே ரத்து செய்யக் கேட்கலாம். அளவு பெரிதுதான், இந்தாய். இந்த ஒரு முறை நான் மிகைப்படுத்தவில்லை. மனுவுக்கு அடியில் என் சத்தியப் பிரமாணம் இருக்கிறது. எண் இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்டியது, நோட்டீஸைக் கிழித்துப் போட்டது, தீர்ப்பை அவளிடம் மறைத்தது, உன் தபாலை வாங்காதது எல்லாம் எழுதியிருக்கிறேன். இதைப் போட்டால் என் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருந்தேன் என்பதும் ஒன்பதாம் பத்தியில் இருக்கிறது. மின்தூக்கியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து. யார் வீட்டுக் கல்யாணம் என்று இன்றுவரை தெரியாது. கதவு திறந்திருந்தது. போஹோலிலிருந்து வந்த பெண் வீட்டு மாமா என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். கோப்பையைத் தூக்கி வாழ்த்துரை சொன்னேன். முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு பாடச் சொன்னார்கள். பாடினேன். கோர்ட்டில் நான் பேசும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, பத்து வருஷமாக.

மனுவுக்கு வக்கீல் கையெழுத்து வேண்டும். என்னால் போட முடியாது. ஜூனில் பொய்க்கு உன் கையெழுத்தைக் கேட்டேன். இப்போது இதற்குக் கேட்கிறேன்.

பொலிகார்போ அங்காஹாஸ்


செபு
2012 ஆகஸ்ட் 17

தியோ,

மனுவைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் திருத்தம் போட்டேன். மறுபடி பென்சில் சிலுவை போட்டிருக்கும் இடத்தில் மனாங் கொலும்பா கைநாட்டு வைத்துத் தந்ததும் என் பெயரில் தாக்கல் செய்கிறேன். வெற்றி என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட மனுக்களில் பத்தில் ஒன்றுதான் நிற்கிறது. நின்றாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பியிருக்கும். இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள்.

என் பெயரிலும் ஒரு பிரமாணம் இணைத்திருக்கிறேன். செபுவிலிருந்து லாவிகன் இரண்டு மணி நேரக் கப்பல். உறையை அனுப்பிய நாளிலிருந்து ஜூலை 5 வரை பதின்மூன்று நாள் இருந்தது. நான் வரவில்லை. நேராக மனாங் வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். வேறு வக்கீலின் கட்சிக்காரரை அவர் தலைக்கு மேல் தொடக்கூடாது என்பது ஒழுக்க விதி, நான் அதைக் கடைப்பிடித்தேன். என் குறிப்பேட்டில் அதற்கும் இரண்டு கோடு இருக்கிறது. உண்மையில் அந்த அட்டை திரும்பி வரட்டும், உங்கள் கையெழுத்தை அதில் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் என்னிடம் தோற்றதற்கு அத்தாட்சியாக.

ஒன்பதாம் பத்தி. 'முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.' இது சத்தியப் பிரமாணம், தியோ. ஒரு எண் பொய்யென்றால் எதிர்த்தரப்பு மொத்தத்தையும் பொய் என்பார்கள். அந்த மண்டபத்தை எனக்குத் தெரியும். அதில் அறுபது பேருக்கு மேல் உட்கார முடியாது.

எத்தனை பேர் கைதட்டினார்கள்? சரியான எண்ணிக்கை வேண்டும்.

ரொவெனா


லாவிகன்
2012 ஆகஸ்ட் 22

இந்தாய் வெனா,

பதினொரு பேர். அதில் நாலு பேர் தட்டு எடுக்க வந்த பணியாளர்கள். மணப்பெண் கைதட்டவில்லை, நான் யார் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. பாடச் சொன்னவனும் ஒருவன்தான், குடித்திருந்தான். பத்தியைத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒலிபெருக்கியில் நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எப்போதும் இருந்தது.

கொலும்பா கைநாட்டு வைத்துவிட்டாள். உன் பென்சில் சிலுவைக்கு மேலேயே. பத்தில் ஒன்று என்று சொன்னேன். கட்டடம் எழும்பிவிடும் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கருவாடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தினமும் என் அலுவலகத்துக்கு வருகிறாள். இரண்டு மணிக்கு வந்து, கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்காருகிறாள். டின் மடியில் இருக்கும். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை. முதல் நாள், என்ன வேணும் மனாங் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். எவ்வளவு நேரம்னு பாக்குறேன்."

தேவாலயத்தில் நாலு மணி அடித்ததும் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா? இவ்வளவுதானா, அட்டர்னி?"

நேற்றும் அதையே கேட்டாள். இப்போது மணி ஒன்றே முக்கால்.

பொலிகார்போ அங்காஹாஸ்
சான்று எண்: இல்லை